நாலு ஆள் வேலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் வருகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருத்துவச்சியம்மா வலது கையை உயர்த்திக்கொண்டு, வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு என் வீட்டுப் படியிறங்கினால், வழிவிட்டு ஒதுங்கி நின்றுவிட வேண்டும். கும்பிடு போடக்கூடாது. சுகமா என்று விசாரிக்கக்கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவர்கள்கூட, அவர் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஓடும் மழைத்தண்ணீர்க் கானைத் தாண்டித் தம் வீட்டுக்குள் போய்க் கித்தாரில் கைவைத்து, "ஆ, வந்திருச்சு" என்று சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன உதவி கேட்டாலும் செய்வார். அதற்கு முன்னால் பேசினால் கொலைப்பழி.

அவர் வாய்க்குள் இருந்தது ஒரு துண்டு. ரேடியோவில் கேட்ட துரித இசையிலிருந்து அந்த வாரத்துக்கென்று பிய்த்து எடுத்த சின்னத் துண்டு. வீடு போய்ச் சேருமுன் சிந்திவிட்டால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும். ஆகையால்தான் அந்த உயர்த்திய கை.

ரேடியோ என்னுடையது. அந்தக் காலத்தில் நான் தோட்ட ஆபீசில் இளைய கிளாக்கர். கலியாணம் ஆகவில்லை, சமைக்கத் தெரியாது, ஆனால் ரேடியோ இருந்தது. பெரிய பாட்டரியில் ஓடுவது. பாட்டரி தீர்ந்தால் அட்டன் டவுனுக்குப் போய்த்தான் வாங்கிவர வேண்டும் என்பதால், கருமி காசைத் தொடுவதுபோலத்தான் அதன் குமிழைத் தொடுவேன். பக்கத்து வீட்டில் அக்கா. தோட்டமே மருத்துவச்சியம்மா என்று அழைத்தவரை நான் மட்டும் அக்கா என்றேன். அவர் புருஷன் தேயிலைப் பெட்டிகளை அட்டன் ஸ்டேஷனுக்கு இறக்குகிற லொறி டிரைவர். நல்ல மனிதர். ஒரு நாளைக்குப் பேசவேண்டிய பேச்சையெல்லாம் லொறியிடம் பேசிவிட்டு வந்துவிடுவார்.

முதல் தடவை அக்கா அந்த இசையைக் கேட்டது கையில் மீன் குழம்புக் கிண்ணத்தோடு. எனக்குத்தான் கொண்டுவந்தார். ரேடியோவில் ஆங்கில ஒலிபரப்பு. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள் போடும் அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று வாராவாரம் வரும். அது தொடங்குமுன், பாட்டு இல்லாமல், கம்பிகளை மட்டும் தடதடவென்று அடித்து நொறுக்குகிற ஒரு முகப்பு இசை உண்டு. அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இசை முடியும்வரை கிண்ணம் கைமாறவில்லை.

"தம்பி, இது என்னா வாத்தியம்?"

"கித்தாருங்கக்கா," என்றேன். கிளாக்கருக்குத் தெரியாது என்று சொல்ல வராது.

"யாரு வாசிக்கிறது?"

அறிவிப்பாளர் ஒரே ஒரு வெள்ளைக்காரப் பெயரைத்தான் சொல்லியிருந்தார். அதை அப்படியே சொன்னேன்.

"ஒருத்தரா?"

"ஒருத்தர்தாங்க."

அக்கா கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. ஒரு மனுசன் செஞ்சதுதானே."

இந்த வாக்கியத்தில்தான் அக்கா முழுசாக இருக்கிறார். நுவரெலியாவில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்பளிச் சட்டையைப் பார்த்து, பஸ் புறப்படுமுன் அதன் பின்னலை மனசில் ஏற்றிக்கொண்டு வந்து பின்னிப் போட்டவர். என் அடுப்புப் புகைபோக்கி அடைத்துக்கொண்டபோது, தோட்டத்துக் கொத்தனார் வரும்வரை பொறுக்கலாம் என்றேன். "கட்டுனவனும் மனுசன்தானே தம்பி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூரையேறிவிட்டார். அவரிடம் கர்வம் உண்டா என்றால் உண்டு. ஆனால் அது தம்மைப் பற்றிய கர்வம் இல்லை. மனுசப் பிறவியைப் பற்றிய கர்வம். ஒரு மனிதனால் ஆனது இன்னொரு மனிதனால் ஆகாது என்று சொன்னால், அது கடவுளுக்கே அவமானம் என்று நினைத்தவர்.

கித்தார் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் உதவி மானேஜராக இருந்து சீமைக்குத் திரும்பிப்போன ஒரு சின்னத்துரை அதை ஸ்டாஃப் கிளப்புக்கு விட்டுப்போயிருந்தார். கேரம் பலகைக்கு மேலே ஓர் ஆணியில் அது பல வருஷம் தொங்கியது. கிளப் காவல்காரனின் கையில் கட்டுப்போடப் போன அக்கா, திரும்பும்போது அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கேட்டதற்கு, "பூச்சி அரிக்குது" என்றார். கட்டுப்போட்ட கையோடு காவல்காரன் என்ன செய்வான்?

யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர யாரும் இல்லை. கம்பிகளைத் தமக்குச் சரியென்று பட்டபடி முறுக்கிக்கொண்டார். தடித்த கம்பி ஒன்று அறுந்தபோது, புருஷன் வாயைத் திறக்காமல் லொறிக் கேபிளிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ரேடியோவில் கேட்கும் சத்தம் விரல் சதையில் வராது என்பது அக்காவுக்கு முதல் வாரமே தெரிந்துபோயிற்று. நகம் வளர்க்கலாம்தான். ஆனால் பிள்ளை எடுக்கிற கையில் நகம் இருக்கக்கூடாது. ஆகவே ஒரு சிரட்டையை உடைத்து, கட்டைவிரல் நகத்தளவு சில்லு ஒன்றை அம்மியில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அந்தச் சில்லு.

முதலில் மேலிருந்து கீழே மட்டும் அடித்துப் பார்த்தார். பாதி வேகம்கூட வரவில்லை. மூன்றாவது வாரமோ என்னவோ, கானுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"தம்பி! ஏறும்போதும் அடிக்கிறான் தம்பி!"

"யாருங்கக்கா?"

"அந்த வெள்ளக்காரன்தான். எறங்கும்போது ஒண்ணு, ஏறும்போது ஒண்ணு. சும்மா ஏறுற கைக்கு அரைப்பேருதான்!"

தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். வேலை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அக்காவின் அம்மா கொழுந்தெடுத்தவர். அக்காவும் சிறுவயதில் கூடை சுமந்தவர். வெறுங்கையாக அசைகிற கை அந்த வீட்டில் பாவம். அன்றிலிருந்து அவருடைய வலது கை இறங்கும்போதும் சம்பாதித்தது, ஏறும்போதும் சம்பாதித்தது.

ஆனால் அது மட்டும் போதவில்லை. ரேடியோவில் அந்தத் துரித ஓட்டத்துக்கு அடியில் தும் தும் என்று ஒரு கனத்த சத்தம். நடுவே சக் சக் என்று வெட்டுகிற சத்தம். இரண்டுக்கும் மேலே பயறு கொட்டுவதுபோல ஒரு பொலபொலப்பு. அக்கா யோசித்தார். சில்லைப் பிடித்த விரல்கள் போக மற்ற விரல்கள் சும்மாதானே இருக்கின்றன? அவற்றுக்கும் வேலை கொடுத்தார். கம்பியை அழுத்தும் இடது கையை லேசாகத் தளர்த்தினால் கம்பி ஊமையாகி சக் என்கிறது என்று கண்டுபிடித்தார். தும் தும்முக்கு ஆளில்லாமல் தவித்துவிட்டு, கடைசியில் குதிகாலால் பலகைத்தரையை மிதித்தார். ஒரு வாரம் கானுக்கு இந்தப் பக்கம் என் வீட்டுச் சுவரிலிருந்துகூடச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

துண்டுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. கடகடவென்று கீழே இறங்குவது படித்துண்டு. சுற்றிச் சுற்றி வந்து தொடங்கின இடத்திலேயே நிற்பது ஆட்டுக்கல் துண்டு. மேட்டில் கியர் மாற்றுவதுபோல ஓரிடத்தில் திணறிவிட்டுப் பாய்வது லொறித் துண்டு. கால் துண்டு என்றும் ஒன்று உண்டு. அந்தப் பெயர் வந்த கதை தனி.

அது மழை கொட்டிய ஞாயிறு. அக்கா கையை உயர்த்திக்கொண்டு என் படியிறங்குகிறார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த கீழ்லயத்திலிருந்து கம்பளி போர்த்திய ஓர் ஆள் ஓடிவந்தான். கை உயர்ந்திருப்பதைப் பார்த்து நின்றான். பிறகு, அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று கத்தினான்.

"அம்மா, எம் பொஞ்சாதிக்கு வலி கண்டிருச்சும்மா! கால் வெளிய தெரியுதும்மா!"

அக்கா கையை இறக்கவில்லை, முனகலையும் நிறுத்தவில்லை. அப்படியே பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். லயத்தில் அவனுடைய ஒற்றை அறைக் காம்பரா வாசலில் தோட்டத்து டாக்டரையா நின்றிருந்தார். மருந்து கலந்து கொடுக்கிறவரை நாங்கள் டாக்டரையா என்போம். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இங்க ஆகாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு," என்றார் அக்கா.

"அப்ப என்னா செய்யுறது? கால் முன்னுக்கு வந்தத நான் எடுத்ததில்ல."

"யாராச்சும் ஒரு மனுசன் எடுத்திருப்பான்தானே? தள்ளுங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். பலகைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் ஓலமும், அதற்கு நடுவே அக்காவின் முனகலும் கேட்டன. டிங்கிடி டக்கிடி என்று அதே துண்டு, திரும்பத் திரும்ப, ஒரே சீராக. ஓலம் கூடினால் முனகலும் கூடும். பிறகு ஓலம் முனகலின் தாளத்துக்கே வந்துவிட்டது. எனக்கு ஜெபம் செய்யத் தோன்றவில்லை. அந்தத் துண்டு நின்றுவிடக் கூடாதே என்று மட்டும் தோன்றியது. கடைசியில் அது நின்றது. ஒரு விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு பிள்ளை அழுதது.

வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, துண்டு போயிருச்சு."

"என்னங்கக்கா?"

"பிள்ள அழுததும் மறந்துட்டேன். ஒரு எழுத்துக்கூட ஞாபகமில்ல." அப்போதுதான் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். துண்டுக்காகவா, பிள்ளைக்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்துத் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போனவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார், வலது கை உயரத்தில். பெற்றவள் அந்தத் துண்டைப் பாடித்தான் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள். வலியில் கிடந்தவள் காதில் அது ஆணியடித்தாற்போல் இறங்கியிருந்தது. அக்கா தொலைத்ததை அவள் ஒரு சுரமும் சிந்தாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். அதுதான் கால் துண்டு.

இப்படித் துண்டு துண்டாக ஒட்டி, ஏறக்குறைய முழு இசையும் கைக்கு வந்த நேரத்தில்தான் டீமேக்கர் என்னைப் பிடித்தார். டீமேக்கர் என்றால் தேயிலைத் தொழிற்சாலைக்கே ராஜா. கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான். நன்றாகப் பாடுவார். ஆனால் அவருடைய பிள்ளைகள் எல்லாம் அக்கா கையில் பிறந்தவை என்பதால், அக்காவிடம் நேராகப் பேச அவருக்கு வாய் வராது.

"கிளாக்கரையா, கிளப்பு சாமான் கிளப்புல இருக்கணுமா இல்லையா? அந்தம்மா என்னமோ அஞ்சாறு கை இருக்கிற மாதிரி தட்டிக்கிட்டு இருக்காங்க. கிறிஸ்மஸ் பார்ட்டிக்கு நான் பாடணும். வாத்தியத்துக்கு எங்க போறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு எரிச்சலாக இருந்தது. போய்ச் சொன்னேன். அக்கா கித்தாரை மடியிலிருந்து இறக்கவில்லை.

"அவருகிட்ட சொல்லுங்க தம்பி. பார்ட்டியில ரேடியோவுல வர்ற மாதிரியே முழுசா வாசிக்கிறேன். வாசிச்சா கித்தாரு எங்கிட்ட. இல்லாட்டி அன்னைக்கே ஆணியில மாட்டிட்டு வந்துர்றேன்."

"எதுக்குங்கக்கா இந்தப் பந்தயம்? சும்மா கேட்டாலே வச்சுக்கச் சொல்லுவாரு."

"தர்மத்துக்கு வேணாம்." சில்லைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "மத்த வேலையெல்லாம் யாராச்சும் வந்து கூப்புட்டு நான் போய் செய்யுறது. இது ஒண்ணுதான் யாரும் கூப்புடாம நானா செய்யுறது. போயிருச்சுன்னா, அப்புறம் கூப்புட்டாப் போற ஆளு மட்டுந்தான் நான்."

பந்தயத்தை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். டீமேக்கர் ஒப்புக்கொண்டார். தீர்ப்புச் சொல்ல, புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரையையே வைத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. அவர் பங்களாவில் கிராமபோனும் இசைத்தட்டுகளும் இருந்தன.

பார்ட்டி நாள் சாயங்காலம் கிளப்பில் கேக், வைன், மூடுபனி எல்லாம் இருந்தன. டீமேக்கர் முதலில் வாத்தியமில்லாமலே ஒரு பாட்டுப் பாடினார். நன்றாகவே பாடினார். பிறகு அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சில்லை எச்சில் தொட்டுத் துடைத்தார். அவர் புருஷன் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வாசித்தார். படித்துண்டில் இறங்கினார், லொறித் துண்டில் ஏறினார். குதிகால் தும் தும் என்றது, இடது கை சக் சக் என்றது, மிச்ச விரல்கள் பயறு கொட்டின. கால் துண்டு வந்தபோது அவர் வாயும் சேர்ந்து முனகியது. மேசைமேல் கிளாசுகள் நடுங்கின. முடித்ததும் எல்லாரும் கை தட்டினோம். என் கைதான் முதலில் எழுந்தது, கடைசியில் இறங்கியது.

டீமேக்கர் எழுந்தார். "தொர, ரேடியோவுல வர்ற மாதிரி இருக்குதுங்களா?"

சின்னத்துரை தமிழைப் புத்தகத்தில் படித்து, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பழகியவர். ஆட்களை எண்ணுவதற்கும் வேலை ஏவுவதற்கும் வேண்டிய தமிழ் அவரிடம் இருந்தது. வியப்பில் திறந்த அவர் வாய் இன்னும் மூடவில்லை. தலையை ஆட்டினார், இல்லை என்று.

"இல்லை. அது மாதிரி இல்லை. ரேடியோவில் ஒரு ஆள் இல்லை. நாலு ஆள்." விரலை நீட்டி எண்ணினார். "ஒரு ஆள் கித்தார். ஒரு ஆள் பாஞ்சோ. ஒரு ஆள் மேண்டலின். ஒரு ஆள் பெரிய பிடில், நின்று அடிக்கும். இதுக்குப் பேர் புளூகிராஸ். இது நாலு ஆள் வேலை."

நீலப்புல்லாம். எங்களுக்குத் தெரிந்தது மலைச்சரிவில் வளரும் மானாப்புல்தான். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். ஒரே ஆள் என்று அடித்துச் சொன்ன கிளாக்கராகிய நான் தரையைப் பார்த்தேன். டீமேக்கர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை மெச்ச வேண்டும். மெல்லக் கிட்டே வந்து கையை நீட்டினார்.

"ரேடியோ மாதிரின்னுதானேம்மா பேச்சு. தொரையே இல்லைன்னுட்டாரு."

அக்கா முகத்தில் நான் பார்த்திராத ஒன்றை அன்று பார்த்தேன். வெறுமை. கித்தாரின் கழுத்தைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியிருந்தது. கொடுத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். கதவோரம் அவர் புருஷன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார், கிளம்பலாம் என்பதுபோல.

"நாலு ஆளா?" என்றார் அக்கா.

"நாலு ஆள்," என்றார் துரை.

அக்கா எழுந்து நின்றார்.

"தொர, ஒண்ணு கேக்குறேன். கொழுந்து மலையில நாலு ஆள் வேலைய ஒரு ஆளு செஞ்சா, அந்த ஆளோட கூடைய யாராச்சும் புடுங்குவாங்களா?"

துரைக்கு இது புரிய எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை. கூடை, ஆள், வேலை, எல்லாம் அவர் நாள்முழுக்கப் பேசுகிற வார்த்தைகள். முதலில் கண் சிரித்தது, பிறகு வயிறு குலுங்கியது.

"புடுங்க மாட்டாங்க," என்றார், அக்காவின் தமிழிலேயே.

டீமேக்கர் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, கித்தாரைப் பிள்ளையைப்போல் தோளில் சாய்த்துக்கொண்டு, பனிக்குள் இறங்கி நடந்தார். கேக்கைக்கூடத் தொடவில்லை. அவர் பங்கை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் இருந்தது. பந்தயத்தில் கித்தார் மிஞ்சிவிட்டது, சரி. இனி அந்த இசையைப் போட்டால் நாலு பேர் வாசிப்பது அவர் காதில் தனித்தனியாகக் கேட்குமே! அதன் பிறகு ஆசை மிஞ்சுமா? அந்த ஞாயிறு அக்கா வராமலே இருந்துவிடுவார் என்று நினைத்தேன். வந்தார். குமிழைத் திருப்பினேன். முகப்பு இசை தடதடத்தது. அக்கா கண்ணை மூடி, ஒவ்வொரு விரலாக மடக்கினார். இவன் ஒருத்தன், அவன் ஒருத்தன், இந்தா இன்னொருத்தன். இசை முடிந்தது. விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"நாலு பேருதான் தம்பி. தெளிவாக் கேக்குது."

நான் குமிழைத் திருப்பி ரேடியோவை நிறுத்தினேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கித்தாரத் தொட்டிருக்கவே மாட்டேன்." சட்டென்று சிரித்தார், முழுப் பல்லும் தெரிய. "நல்ல வேள, நம்ம தோட்டத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாமப் போச்சு. நீங்க வேற அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க."

அப்பாடா என்றிருந்தது. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்காவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நாலு பேரில் எவனோ ஒருவன் போட்டிருந்த ஒரு துண்டு, அத்தனை நாளும் மற்றவர்களின் சத்தத்துக்குள் மறைந்து கிடந்தது, இப்போது அகப்பட்டுவிட்டது போலிருந்தது. உதடு முனக ஆரம்பித்தது. வலது கை உயர்ந்தது.

வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.